எல்லா விப்ரியோவும் காலரா தருவதில்லை

கழிமுகத்திலிருந்து அள்ளிய நீரில் ‘விப்ரியோ காலரே’ வளர்ந்தது என்று ஓர் ஆய்வக அறிக்கை வருகிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஊருக்கு எச்சரிக்கை விடவும் முடியாது, கோப்பில் கட்டிப் போட்டுவிடவும் முடியாது. இந்த இனத்து பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை உவர்நீரில், கோப்பிபாட் போன்ற மிகச் சிறிய மிதவை உயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு, மனிதக் குடலையே பார்க்காமல் வாழ்ந்து முடிகிறவை. ஒரு சிறு பகுதிதான் நல்ல திடகாத்திரமான ஆளையும் ஒரே நாளில் சாய்க்கும் பேதியை உண்டாக்கக்கூடியது. இரண்டுக்கும் பெயர் ஒன்று. நுண்ணோக்கியில் உருவமும் ஒன்று: காற்புள்ளி போல் வளைந்த உடல், ஒரு முனையில் ஒற்றைச் சவுக்கிழை.

வீரியம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று கேள்விகளை அடைத்து வைத்திருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். நச்சு செய்யும் மரபணு அந்தக் கிருமியிடம் இருக்கிறதா? இருந்தால், குடலுக்குள் போனதும் அது வேலை செய்கிறதா? நோயை உண்டாக்கிய பிறகு அடுத்த ஆளிடம் போய்ச் சேர எவ்வளவு வல்லமை இருக்கிறது? இந்த மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. ஒன்றில் முந்துகிற திரிபு இன்னொன்றில் பின்தங்கும். இருபதாம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய காலரா, முதல் கேள்வியை விட மூன்றாவது கேள்விக்குத்தான் அதிகம் கட்டுப்பட்டது.

மேலுறை என்னும் அடையாள அட்டை

பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் அமைப்பை வைத்து விப்ரியோ காலரேயை 200க்கும் மேற்பட்ட ஓ-வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெருங்கொள்ளை நோயாகப் பரவியவை ஓ1, ஓ139 ஆகிய இரண்டு மட்டுமே. மற்றவை எல்லாவற்றையும் ‘ஓ1 அல்லாத, ஓ139 அல்லாத’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவது வழக்கம்.

இந்த எண் அடையாள அட்டைதான், ஆயுதம் இல்லை. ஓ1 என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நச்சு மரபணு துளியும் இல்லாத கிருமிகள் ஆற்றிலும் கடலோரத்திலும் ஏராளம். மறுபக்கம், ஓ141, ஓ75 வகைகளில் சில நச்சு மரபணுவோடு திரிகின்றன, ஆங்காங்கே ஆட்களை நோயில் தள்ளவும் செய்கின்றன. 1968ல் சூடானில் ஓ37 வகை ஓர் உள்ளூர்க் கொள்ளையையே கிளப்பியது. அதற்குப் பிறகு அது எங்கும் பரவவில்லை. ஓ1 என்று கண்டதும் பதறுவதும், ஓ1 இல்லை என்றதும் நிம்மதி அடைவதும் இரண்டுமே அவசரம்தான்.

ஓ1க்குள் இருக்கும் ஒகாவா, இனாபா என்ற பிரிவுகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் ஒரு மெத்தில் தொகுதி இருந்தால் ஒகாவா, இல்லாவிட்டால் இனாபா. அதை ஒட்டவைக்கும் ஒற்றை மரபணு பழுதானால் ஒகாவா இனாபாவாகிவிடும். பழுது எளிதில் நேரும், திரும்பச் சரியாவது அரிது. ஒரே கொள்ளையின் நடுவில் ஒகாவா மறைந்து இனாபா தலைகாட்டினால் புதுக் கிருமி நுழைந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் பழைய கிருமிதான், நம் நோயெதிர்ப்புக்குத் தப்ப வேஷம் மாற்றியிருக்கும்.

நச்சு என்ன செய்கிறது

ராபர்ட் கோக் 1884ல் கொல்கத்தாவில் இந்தக் கிருமியைத் தனியாக வளர்த்துக் காட்டினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1854ல், இத்தாலியில் ஃபிலிப்போ பாச்சினி அதைப் பார்த்து எழுதியும் வைத்திருந்தார். ஆனால் அது எப்படிக் கொல்கிறது என்பது தெரிய இன்னும் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. கிருமிக்குள்ளேயே இருக்கும் நச்சு ரத்தத்தில் கலந்து உடலைக் கெடுக்கிறது என்ற கோணத்திலேயே பலரும் தேடிக்கொண்டிருந்தார்கள். கொல்கத்தாவில் சம்புநாத் டே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் கட்டி, அந்தத் துண்டுக்குள் கிருமிகளை வடிகட்டி நீக்கிய வளர்ப்புத் திரவத்தை மட்டும் செலுத்தினார். துண்டு நீரால் உப்பியது. கிருமி வெளியே விடும் நச்சே போதும், அது வேலை செய்யும் இடம் குடல்தான் என்பது 1959ல் வெளியான அந்த ஆய்வோடு உறுதியானது. இவ்வளவு சிக்கனமான சோதனை இவ்வளவு பெரிய கேள்விக்கு விடை தந்தது மருத்துவ வரலாற்றில் அபூர்வம்.

நச்சு ஆறு துண்டுகளால் ஆனது: ஒரு ‘ஏ’, ஐந்து ‘பி’. ஐந்து பி-க்களும் வளையமாகச் சேர்ந்து குடல் செல்லின் மேலுள்ள ஜிஎம்1 என்ற கொழுப்புச் சர்க்கரை மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். ஏ உள்ளே போய், செல்லுக்குள் ‘இயங்கு’ என்று உத்தரவு தரும் ஒரு புரதத்தை நிறுத்த முடியாதபடி பூட்டிவிடும். செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறின் அளவு ஏறும், குளோரைடு வாசல்கள் திறந்தே கிடக்கும், சோடியம் உறிஞ்சப்படுவது தடைப்படும், உப்பைத் தொடர்ந்து நீர் கொட்டும். கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கக்கூடும். பேதி அரிசி களைந்த தண்ணீர் போல வெளிறிப்போகும்.

குடல் செல்கள் இதில் சாவதில்லை. குளுக்கோஸோடு சேர்த்து சோடியத்தை உள்ளிழுக்கும் தனிப் பாதையும் பழுதாவதில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசல் காலராவில் பலிப்பது இந்தப் பாதை திறந்தே இருப்பதால்தான்.

கடன் வாங்கிய ஆயுதம்

இந்த நச்சுக்கான மரபணு கிருமியின் சொந்தச் சொத்து இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் இழை வடிவ வைரஸ் ஒன்றின் உடைமை அது. 1996ல் மேத்யூ வால்டரும் ஜான் மெக்கலனோஸும் இதைக் கண்டறிந்தார்கள். சிடிஎக்ஸ் ஃபேஜ் என்று பெயர். சுமார் 7,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள சின்னஞ்சிறு மரபுத்தொகுதி. கிருமியின் மொத்த மரபுத்தொகுதி, இரண்டு குரோமோசோம்களும் சேர்ந்து, சுமார் 40 லட்சம் எழுத்துகள். அதில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லாத வைரஸ்தான் உவர்நீர் உயிரியைக் கொலைகாரனாக்குகிறது.

ஆனால் அந்த வைரஸ் எந்த விப்ரியோவுக்குள்ளும் நுழைந்துவிட முடியாது. அதற்கு ஒரு கைப்பிடி வேண்டும். அந்தக் கைப்பிடி டிசிபி என்னும் மெல்லிய ஒட்டிழை. அதைச் செய்யும் மரபணுக்கள் சுமார் 40,000 எழுத்து நீளமுள்ள இன்னொரு வந்தேறித் துண்டில், ‘நோயாக்கத் தீவு’ என்று அழைக்கப்படும் பகுதியில் இருக்கின்றன. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் தீவு வந்து சேர வேண்டும், ஒட்டிழை முளைக்க வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு வைரஸ் உள்ளே வர வேண்டும். சுற்றுச்சூழலில் கிடைக்கும் விப்ரியோக்கள் பெரும்பாலும் நச்சற்றவையாக இருப்பதன் ஒரு காரணம், அவற்றிடம் முதல் படியே இல்லை என்பதுதான்.

அதே ஒட்டிழைதான் மனிதச் சிறுகுடலில் கிருமிகள் ஒன்றோடொன்று பின்னிக் கொத்தாகக் குடியேறவும் உதவுகிறது. ஒட்டிழை மரபணு நீக்கப்பட்ட கிருமிகளைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 1980களின் சோதனையில் அவை குடலில் தங்கவே இல்லை. குடியேற உதவும் கருவியே நச்சு வந்து சேரும் வாசலாகவும் இருப்பது தற்செயலா, இல்லையா என்று வாதிடலாம். விளைவு மட்டும் தெளிவு. குடலில் வாழத் தெரிந்த விப்ரியோவுக்குத்தான் நச்சு வாய்க்கிறது, வைரஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கும் ஒட்டிழைகள் முளைத்து நிற்கும் குடல்தான் தோதான இடம்.

நச்சை மட்டும் வெட்டி எறிந்தால் கிருமி சாதுவாகிவிடுமா? தடுப்பு மருந்து செய்தவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். ஓ1இன் ஒரு பிரிவான எல் டோர் கிருமி ஒன்றிலிருந்து நச்சு மரபணுக்களை அறவே நீக்கி, உயிருள்ள தடுப்பு மருந்தாகத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். உயிர் பறிக்கும் பேதி வரவில்லை. ஆனால் பலருக்கு லேசான பேதியும் வயிற்று வலியும் வந்தன. சவுக்கிழையின் புரதம் குடலில் கிளப்பும் அழற்சி இதற்கு ஒரு காரணம் என்று பின்னர் தெரிந்தது. ஆக, பெரும் நீரிழப்புக்கு அந்த ஒற்றை நச்சு பொறுப்பு. வயிற்றைக் கலக்க வேறு வழிகளும் கிருமியிடம் உண்டு.

ஓ1 அல்லாத வகைகள் நோய் தரும்போது பெரும்பாலும் இந்த வேறு வழிகளையே பயன்படுத்துகின்றன: சிவப்பணுவையும் செல்களையும் துளைக்கும் ஹீமோலைசின், வெப்பத்தில் அழியாத சிறு நச்சு, சிலவற்றில் செல்லுக்குள் புரதத்தை ஊசி போல ஏற்றும் மூன்றாம் வகைச் சுரப்பமைப்பு. இவை தருவது சாதாரண வயிற்றுப்போக்கு. ஆனால் கல்லீரல் நோய் உள்ளவர்களிடம் இதே கிருமிகள் ரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகலாம். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சிப்பி, நண்டு சாப்பிடக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

இருப்பது வேறு, விழிப்பது வேறு

நச்சு மரபணு இருந்தும் கிருமி அதைக் குளத்து நீரில் செய்துகொண்டிருப்பதில்லை. வீண்செலவு. குடலுக்குள் வந்துவிட்டோம் என்று உணர அதற்கு ஓர் உத்தரவுச் சங்கிலி உண்டு. சவ்வில் பதிந்திருக்கும் டாக்ஸ்ஆர், டிசிபிபி என்ற இரு புரதங்கள் சூழலை மோப்பம் பிடித்து, டாக்ஸ்டி என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தை எழுப்பும். டாக்ஸ்டி போய் ஒட்டிழையையும் நச்சையும் ஒருசேரத் தொடங்கிவைக்கும். பித்தநீர், அமிலத்தன்மை, வெப்பநிலை, பைகார்பனேட் எல்லாம் இந்தச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளைத் தொடுகின்றன.

திரிபுகளுக்கிடையே பெரிய வேறுபாடு தெரிவது இங்கேதான். ஓ1 வகைக்குள் கிளாசிக்கல், எல் டோர் என்று இரண்டு உயிர்வகைகள். கிளாசிக்கல் கிருமியை 30 பாகை வெப்பத்தில், சற்றே அமிலமான, பிஎச் 6.5 அளவுள்ள சாதாரண ஊட்டக்குழம்பில் குலுக்கி வளர்த்தாலே நச்சு தாராளமாகச் சுரக்கும். அதே குழம்பில் எல் டோர் ஏறக்குறைய ஊமை. அதைப் பேசவைக்க 0.3 சதவீதம் சோடியம் பைகார்பனேட் கலந்த ஏகேஐ என்ற ஊடகம் வேண்டும். 37 பாகையில் முதல் நான்கு மணி நேரம் அசையாமல் வைத்து, பிறகு குலுக்க வேண்டும். தவறான ஊடகத்தில் வளர்த்துவிட்டு ‘இந்தத் திரிபு நச்சு செய்யவில்லை’ என்று எழுதினால், அது கிருமியைப் பற்றிய செய்தி ஆகாது, குழம்பைப் பற்றிய செய்தி. இந்த வேறுபாட்டின் வேர் ஒன்றைத் தேடிப் போனவர்கள் வந்து நின்ற இடம், டிசிபிபி மரபணுவின் தொடக்கப் பகுதியில் மாறியிருந்த ஒரே ஓர் எழுத்து.

சங்கிலிக்கு எதிர்த்திசையில் இழுக்கும் கையும் இருக்கிறது. கிருமிகள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை வேதிப்பொருள் விட்டு எண்ணிக்கையைக் கணிக்கின்றன. கூட்டம் பெருகியதும் ஹாப்ஆர் என்ற புரதம் தலையெடுத்து நச்சையும் ஒட்டிழையையும் அடக்கி, பிடியை விடுவிக்கும் நொதியைச் சுரக்க வைக்கும். ‘போதும், கிளம்பலாம்’ என்ற உத்தரவு அது. பல கிருமிகள் கூட்டம் சேர்ந்ததும்தான் தாக்கத் தொடங்கும். காலரா கிருமி கூட்டம் சேர்ந்ததும் தாக்குதலை நிறுத்திவிட்டு வெளியேறப் பார்க்கிறது. பேதியோடு அடித்துக்கொண்டு போவதையே பிழைப்பாக வைத்திருக்கும் உயிருக்கு இது பொருந்தும். உலகமே ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் என்16961 என்ற எல் டோர் திரிபில் இந்த ஹாப்ஆர் மரபணு பழுதானது. இதன் மரபுத்தொகுதிதான் 2000ல் முழுவதும் வாசிக்கப்பட்டது. அந்த ஒரு திரிபை வைத்துச் செய்த சோதனையை எல்லா எல் டோருக்கும் பொருத்துவதில் இந்தப் பள்ளம் இருக்கிறது.

மென்மையானவன் வென்ற கதை

எல் டோர் என்பது சினாய் தீபகற்பத்துத் தனிமைப்படுத்தும் முகாமின் பெயர். 1905ல் மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் குடலில் அங்கே ஒரு விப்ரியோ கிடைத்தது. அவர்களுக்குக் காலரா அறிகுறி இல்லை. காலரா கிருமியைப் போலவே இருக்கும் சாது என்றே அது பல பத்தாண்டுகள் கருதப்பட்டது. 1937ல் இந்தோனேசியாவின் சுலவேசி தீவில் எல் டோர் நோய் கிளப்பியபோதும் உள்ளூர் விவகாரமாகவே எண்ணப்பட்டது. 1961ல் அதே சுலவேசியிலிருந்து கிளம்பியதுதான் ஏழாவது பெருங்கொள்ளை. 1962ல்தான் எல் டோர் தரும் நோயையும் காலராவாகவே கருத வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு முடிவெடுத்தது. அந்த ஏழாவது அலை இன்னும் ஓயவில்லை. 1899 முதல் 1923 வரை நீடித்த ஆறாவது கொள்ளைக்குக் காரணமான கிளாசிக்கல், 1990களுக்குப் பிறகு நோயாளிகளிடம் காணப்படுவதில்லை.

இவற்றில் எது கொடியது? நோயின் கடுமையை அளவுகோலாகக் கொண்டால் கிளாசிக்கல். இரண்டும் ஒரே நேரத்தில் பரவிய கிழக்கு வங்காளத்தில் நடந்த ஆய்வில், கிளாசிக்கல் தொற்றியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு நோய் கடுமையானது. எல் டோரில் சுமார் 2 சதவீதம்தான். மற்றவர்கள் லேசான பேதியோடு, அல்லது எதுவுமே தெரியாமல், சந்தைக்குப் போய், பேருந்து ஏறி, கிருமியைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். படுக்கையில் விழுந்தவர் ஒரு வீட்டுக்குத்தான் ஆபத்து. நடமாடுகிறவர் ஒரு மாவட்டத்துக்கே ஆபத்து. போதாததற்கு எல் டோர் நீரிலும் உணவிலும் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கும், குடலில் வெளியேறாமல் தங்கும் நாளும் அதிகம்.

இன்னொரு முரணும் உண்டு. எல் டோரிடம் ஹீமோலைசின் உண்டு, செல்லின் எலும்புக்கூட்டைக் குலைக்கும் ஆர்டிஎக்ஸ் நச்சும் உண்டு. கிளாசிக்கலில் இவ்விரு மரபணுப் பகுதிகளும் அறுபட்டுக் கிடக்கின்றன. குறைவான ஆயுதம் வைத்திருந்தவனே கடுமையாக அடித்தான். மரபணுப் பட்டியலை எண்ணிப் பார்த்து வீரியத்தைக் கணிக்க முயல்பவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான்.

1992 அக்டோபரில் சென்னையில் காலராவைப் போலவே ஒரு நோய் பரவியது. ஓ1 வகையை அடையாளம் காட்டும் எதிர்ச்சீரத்தோடு கிருமி திரளவில்லை. அதுவரை தெரிந்த எந்த வகைக்கும் பொருந்தாததால் புதிய எண் கொடுத்தார்கள்: ஓ139. சில மாதங்களுக்குள் கொல்கத்தாவும் வங்கதேசமும் அதன் பிடியில் வந்தன. எல் டோர் தன் சர்க்கரைச் சங்கிலிக்கான மரபணுத் தொகுதியை வேறொன்றாக மாற்றி மாட்டிக்கொண்டு, மேலே ஒரு மெல்லிய கவசத்தையும் போர்த்தியிருந்தது. நச்சும் ஒட்டிழையும் பழையவையே. காலரா அடிக்கடி வரும் ஊர்களில் நோய் வழக்கமாகக் குழந்தைகளையே அதிகம் தாக்கும், பெரியவர்களிடம் எதிர்ப்பு சேர்ந்திருக்கும். ஓ139 அந்த எதிர்ப்பைச் செல்லாக்காசாக்கிப் பெரியவர்களை வீழ்த்தியது. நச்சு ஒரு துளியும் கூடாமலே நோயாளி எண்ணிக்கை எகிறியது. எட்டாவது கொள்ளை தொடங்கிவிட்டது என்று பலர் எழுதினார்கள். அது நடக்கவில்லை. ஓ1 திரும்பி வந்து இடத்தைப் பிடித்தது, ஓ139 இன்று அரிதாகவே தென்படுகிறது.

அந்தச் சென்னைக் கிருமி விட்டுச் சென்ற சொத்து ஒன்று மட்டும் நிலைத்துவிட்டது. சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம் முதலான மருந்துகளுக்கு எதிர்ப்பைத் தரும் எஸ்எக்ஸ்டி என்ற நகரும் மரபணுத் துண்டு, சுமார் ஒரு லட்சம் எழுத்து நீளமுள்ளது, முதலில் அதில்தான் விவரிக்கப்பட்டது. பிறகு எல் டோர் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துத் துண்டுகளோடுதான் திரிகிறது.

கலப்பினங்கள்

கிளாசிக்கல் மறைந்தது என்றோம். அதன் நச்சு மறையவில்லை. வங்கதேசத்திலும் மொசாம்பிக்கிலும் 1990களுக்குப் பிறகு கிடைத்த எல் டோர்கள், கிளாசிக்கல் வகை நச்சின் பி-துண்டைச் சுமந்திருந்தன. பி-துண்டின் 39, 68ஆம் அமினோ அமில இடங்களைப் பார்த்து இதைச் சொல்லலாம்: கிளாசிக்கலில் ஹிஸ்டிடின், திரியோனின், பழைய எல் டோரில் டைரோசின், ஐசோலூசின். எல் டோரின் தாங்குதிறனும் கிளாசிக்கலின் கடுமையும் ஒரே உடலில் சேர்ந்துவிட்டன. இந்த மாற்று எல் டோர்கள் பழைய எல் டோரை விடக் கூடுதலாக நச்சு சுரக்கின்றன. அதில் பங்கு அமினோ அமில மாற்றத்துக்கு மட்டும் இல்லை, உத்தரவுச் சங்கிலியில் நேர்ந்த மாற்றங்களுக்கும் உண்டு.

அதற்கடுத்த படி சிடிஎக்ஸ்பி7 என்ற நச்சு வடிவம். பி-துண்டின் 20ஆம் இடத்தில் இன்னொரு மாற்றம். கிழக்கு இந்தியாவில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த வடிவம் 2010 அக்டோபரில் ஹைட்டியில் வெடித்தது. கிருமி நேபாளத்துத் திரிபோடு ஏறக்குறைய எழுத்துக்கெழுத்து பொருந்தியது. அங்கிருந்து வந்த அமைதிப்படையினரின் முகாம் கழிவுநீர் ஆற்றில் கலந்ததே தொடக்கம் என்று ஆய்வுகள் காட்டின. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். கிருமியின் வீரியத்தை மட்டும் இதற்குக் குறை சொல்வது நியாயமாகாது. நூறாண்டாகக் காலராவைப் பார்த்திராத, நிலநடுக்கத்தில் நொறுங்கியிருந்த ஊர் அது. யாரிடமும் எதிர்ப்பு இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை.

உயிர்வகையைப் பிரிக்கும் பழைய சோதனைகளும் இதனால் ஆட்டம் கண்டுவிட்டன. பாலிமிக்சின்-பி என்ற நோயெதிர்மருந்து 50 யூனிட் ஏற்றிய வட்டைச் சுற்றி வளராவிட்டால் கிளாசிக்கல், வளர்ந்தால் எல் டோர் என்பது பாடநூல் விதி. 2016ல் தொடங்கிய ஏமன் கொள்ளையின் எல் டோர், ஒரு மரபணு மாற்றத்தால் பாலிமிக்சினுக்கு மடிகிறது. அந்த ஒரு வட்டை மட்டும் நம்பினால் அழிந்துபோன கிளாசிக்கல் உயிர்த்தெழுந்துவிட்டது என்று அறிக்கை எழுத நேரும். செம்மறியாட்டுச் சிவப்பணு உடைதல், கோழிச் சிவப்பணுத் திரட்சி, வோஜஸ்-ப்ராஸ்கௌவர் சோதனை ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முடிந்தால் மரபணுவையே வாசித்துவிடுவது உத்தமம்.

எத்தனை கிருமி, யாருடைய வயிறு

1892ல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், கிருமி மட்டும் காலரா தராது என்று காட்டுவதற்காக ஒரு குப்பி வளர்ப்பைக் குடித்தார். முன்கூட்டியே பைகார்பனேட் குடித்து வயிற்று அமிலத்தையும் தணித்திருந்தார். லேசான பேதியோடு தப்பினார். அவருடைய கொள்கை தவறு. ஆனால் கிருமி உள்ளே போன எல்லோரும் சாவதில்லை என்ற அவருடைய கவனிப்பு தவறில்லை.

பின்னாளில் அமெரிக்காவில் தன்னார்வலர்களிடம் நடந்த சோதனைகள் இதற்கு எண் கொடுத்தன. வெறும் நீரோடு குடித்தால் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. சிலருக்கு அதுவும் போதவில்லை. பைகார்பனேட் கொடுத்து அமிலத்தை மட்டுப்படுத்தியபோது பத்து லட்சத்திலேயே பெரும்பாலானோர் படுத்துவிட்டார்கள். விப்ரியோவுக்கு அமிலம் ஆகாது. அமிலக் குறைப்பு மாத்திரை எடுப்பவர்கள், இரைப்பையை வெட்டி எடுத்தவர்கள், ஊட்டச்சத்துக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அதே கிருமி கூடுதல் வீரியத்தோடு தெரிவது இதனால்தான். ஓ ரத்த வகையினருக்குத் தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைப் போலவேதான், ஆனால் தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். வங்காள டெல்டாவில் ஓ வகையினர் ஒப்பீட்டளவில் குறைவாக இருப்பதற்கு நூற்றாண்டுகளாகக் காலரா அவர்களைக் கழித்துக் கட்டியதே காரணமாகலாம் என்ற ஊகமும் உண்டு.

கிருமி கடந்து வந்த பாதையும் கணக்கில் வரும். நோயாளியின் பேதியில் ஒரு மில்லி லிட்டருக்குப் பத்துக் கோடி வரை கிருமிகள் இருக்கும். அப்போதுதான் வெளியேறியவற்றை எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தபோது, ஆய்வகத்தில் வளர்த்தவற்றை விடப் பத்து முதல் நூறு மடங்கு குறைந்த எண்ணிக்கையே தொற்றுக்குப் போதுமானதாக இருந்தது. 2002ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பின்படி, குடலிலிருந்து புறப்பட்ட கிருமி சில மணி நேரத்துக்கு ஒருவிதத் துடிப்போடு இருக்கிறது. குளத்துநீரில் நாள் கழிந்தால் அது தணிந்துவிடும். வீட்டுக்குள் அடுத்தடுத்து ஆட்கள் விழுவதற்கும், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் உடனே கை கழுவ வேண்டியதற்கும் இது நேரடியான காரணம். மரபணுவில் ஓர் எழுத்தும் மாறாமல் வீரியம் மாறும் இடம் இது.

கொள்ளை வடியும்போது வேறொரு ஆள் களத்தில் இருக்கிறான். காலரா கிருமியைத் தின்னும் ஃபேஜ்கள் நோயாளியின் குடலிலேயே பெருகி, பேதியோடு வெளியேறி, நீரில் கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. ஒரு ஃபேஜ் நச்சைக் கொடுத்துக் கிருமியை வளர்க்கிறது, இன்னொரு ஃபேஜ் அதைக் கொன்று தீர்க்கிறது.

நீரில் நடக்கும் பண்டமாற்று

மிதவை உயிர்களின் ஓடு கைட்டினால் ஆனது. விப்ரியோ அதைத் தின்கிறது. கைட்டினை உணர்ந்ததும் வெளியே மிதக்கும் அன்னிய டிஎன்ஏவை உறிஞ்சும் திறன் அதற்கு வருகிறது. பக்கத்து பாக்டீரியாவை ஆறாம் வகைச் சுரப்பமைப்பு என்னும் ஈட்டியால் குத்திக் கிழித்து, சிந்திய டிஎன்ஏவை விழுங்குவதும் உண்டு. இந்த ஈட்டி 2006ல் கண்டறியப்பட்டது முன்பு சொன்ன சூடான் ஓ37 கிருமியில்தான். ஓ139இன் புதுச் சங்கிலியும் இப்படிப்பட்ட பரிமாற்றத்தில் வந்திருக்கக்கூடும். ஒரே ஓட்டின் மேல் ஓ1ஐயும் ஓ139ஐயும் சேர்த்து வளர்த்தபோது சங்கிலித் தொகுதி கைமாறியதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

ஓட்டில் ஒட்டும் இந்தக் குணமே ஒரு பலவீனமும்கூட. வங்கதேசத்தின் மத்லாபில் பழைய பருத்திச் சேலையைக் குறைந்தது நான்காக மடித்து நீரை வடிகட்டச் சொன்னார்கள். தனிக் கிருமி அந்தத் துணியில் நிற்காது, ஆனால் கோப்பிபாட் நிற்கும், அதன் மேல் ஒட்டிய கிருமிகளும் நின்றுவிடும். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. புதுச் சேலை அவ்வளவு பயன்படாது. துவைத்துத் துவைத்து நூல் உப்பிய பழையதில்தான் இடைவெளி சுருங்கியிருக்கும்.

மாதிரியிலிருந்து முடிவு வரை

நோயாளியின் பேதியை நோயெதிர்மருந்து கொடுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஆய்வகம் தொலைவில் இருந்தால் கேரி-பிளேர் ஊடகத்தில் அனுப்பலாம். முதலில் காரத்தன்மையுள்ள, பிஎச் 8.6 அளவுள்ள பெப்டோன் நீரில் ஆறு முதல் எட்டு மணி நேரம். மற்ற குடல் கிருமிகள் திணறும் இந்தக் காரத்தில் விப்ரியோ முந்தி, நீரின் மேற்பரப்பில் சேரும். அதனால் குலுக்காமல் மேலிருந்துதான் எடுக்க வேண்டும். இரவு முழுக்க விட்டால் மற்றவையும் எட்டிப்பிடித்துவிடும். பிறகு விப்ரியோவைப் பிரித்தெடுக்கும் டிசிபிஎஸ் என்ற ஊடகத் தட்டில் தேய்த்தால், சுக்ரோஸைப் புளிக்கவைப்பதால் மஞ்சள் நிறத்தில் வட்டப் புள்ளிகள் வரும்.

அடுத்த படியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. டிசிபிஎஸ் தட்டிலிருந்தே நேராக ஆக்சிடேஸ் சோதனையோ எதிர்ச்சீரத் திரட்சியோ செய்தால் விடை பொய்யாகலாம். சாதாரண அகார் தட்டுக்கு மாற்றி வளர்த்த பிறகே செய்ய வேண்டும். எதிர்ச்சீரத்துக்கு முன் வெறும் உப்புநீரில் கலந்து, கிருமி தானாகவே திரள்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். தானே திரளும் சொரசொரப்பான வளர்ப்பு எல்லா எதிர்ச்சீரத்தோடும் திரளும். விரைவுச் சோதனைப் பட்டைகள் ஓ1, ஓ139 சர்க்கரைச் சங்கிலியை மட்டுமே காட்டும், நச்சைக் காட்டாது. ஆகவே நச்சு மரபணுவைத் தேடும் பிசிஆர் தனியாகத் தேவை. அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஆய்வகத்தில் பலமுறை மாற்றி மாற்றி வளர்த்தால் சில திரிபுகள் சிடிஎக்ஸ் ஃபேஜை உதறிவிடும். அதனால் முதல் வளர்ப்பிலேயே சோதித்து, ஒரு பகுதியை உறைநிலையில் வைத்துவிடுவது நல்லது.

படுக்கையருகில் இந்த விவரம் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. எந்தத் திரிபானாலும் கடுமையான நீரிழப்புக்கு ரிங்கர் லாக்டேட் உப்புத் திரவம் நரம்பு வழியே, உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லி லிட்டர்: ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் அரை மணியில் 30, அடுத்த இரண்டரை மணியில் 70. குடிக்க முடிந்ததும் உப்பு-சர்க்கரைக் கரைசல். சரியாகச் செய்தால் இறப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே, செய்யாமல் விட்டால் கடுமையான நோயாளிகளில் பாதிப் பேர் வரை. திரிபின் பெயர் தேவைப்படுவது எந்த நோயெதிர்மருந்து பலிக்கும், எந்தத் தடுப்பு மருந்து பொருந்தும், கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு.

கழிமுகத்து அறிக்கையிலும் ‘விப்ரியோ காலரே இருக்கிறது’ என்ற வரி மட்டும் போதாது. ஓ-வகை, ஒகாவாவா இனாபாவா, உயிர்வகை, நச்சு மரபணு உண்டா, பி-துண்டு எந்த வடிவம், எந்த மருந்துகளுக்கு மடிகிறது என்ற ஆறும் வேண்டும். ஓ1, ஆனால் நச்சு மரபணு இல்லை என்று வந்தால் காலரா என்று அறிவிக்கக் கூடாது. அதே இடத்தில் சில வாரங்கள் இடைவிட்டு மறுபடி மாதிரி எடுக்க வேண்டும், ஒட்டிழை மரபணு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இருந்தால், வைரஸ் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி தயாராக இருக்கிறது.